பல்லில் இறங்கிய பயம்

அப்பா,

இன்று காலை ஓல்போர்க் நகரில் பல் வைத்தியரின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்ததும் கராம்பு மணத்தது. பல்லை அடைக்கும் மருந்தில் கராம்பெண்ணெய் கலந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. சிறுவயதில் எனக்குப் பற்கொதி வந்தால், அரைத்த கராம்பைப் பஞ்சில் எடுத்துக் கடைவாயில் வைத்துவிட்டு, "கடிச்சுக்கொண்டிரு, துப்பிப்போடாதை" என்பீர்கள். நீங்கள் போனபின் வரும் முதல் குளிர்காலம் இது. நீங்கள் போனபின் பல் வைத்தியரின் கதிரையில் நான் ஏறியதும் இன்றுதான் முதல்முறை.

உங்கள் முன்பற்கள் இரண்டும் பொய்ப்பற்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவன் துவக்குப் பிடியால் அடித்து உடைத்தான் என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்திருந்தேன். நீங்கள் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. இங்கே டென்மார்க்கில், விபோர்க் நகரில் எங்கள் தெருவால் ஒரு இராணுவ வாகனம் போனால்கூட யன்னலை விட்டு விலகி உள்ளே போய்விடுவீர்கள்.

அப்படிப்பட்ட உங்களுடைய மகன் நான், டென்மார்க் இராணுவத்தில் சேர்ந்தேன். பதினெட்டு வயதில் மற்றப் பொடியன்களைப் போல என்னையும் கட்டாய இராணுவச் சேவைக்கு அழைத்துச் சீட்டு எடுக்க வைத்தார்கள். போகத் தேவையில்லாத இலக்கம்தான் வந்தது. நீங்கள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தீர்கள். பிறகு நானே விரும்பிப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்து சொன்னேன். "ஏன் ராசா?" என்று மட்டும் கேட்டீர்கள். இது என்னுடைய நாடு என்பதுபோல டேனிஷில் ஏதோ பதில் சொன்னேன்.

முதல் விடுமுறைக்குச் சீருடையோடேயே ரயிலேறி வந்து வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீருடையைத்தான் பார்த்தீர்கள். உங்கள் கை தானாக உயர்ந்து வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு கணந்தான். "வா, வா, குளிருக்கை நிக்காதை" என்று பையை வாங்கினீர்கள். அதற்குப்பிறகு ரயில் நிலையத்தில் உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன்.

ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். அங்கே நான் இராணுவ வாகனம் ஓட்டினேன். ஒருநாள் எனக்கு முன்னால் போன வாகனம் கண்ணிவெடியில் அகப்பட்டது. அதில் இருந்தவர்களோடு காலையில் ஒன்றாகக் கோப்பி குடித்திருந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. திரும்பி வந்தபோது அம்மா என் கைகால்களைத் தடவிப் பார்த்து, முழுசாக வந்துவிட்டான் என்று அழுதார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஏதோ பிழை என்று முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தான். பின்னேரங்களில் சோபாவில் நான் கண்ணயரும்போது பக்கத்தில் இருந்து பேப்பர் பார்ப்பீர்கள்.

"தம்பி, நித்திரையிலை பல்லைக் கடிக்கிறாய். கல்லு அரைக்கிற மாதிரிக் கேக்குது. வயித்திலை பூச்சியாக்கும்."

பூச்சி மருந்தும் வாங்கித் தந்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன். பிறகொரு நாள் புட்டுச் சாப்பிடும்போது வாய்க்குள் கல் மாதிரி ஒன்று கடிபட்டது. துப்பிப் பார்த்தால் என்னுடைய கடைவாய்ப்பல்லின் பாதி.

அதைக் காட்டத் தனியே போனேன்; பல் வைத்தியர் கதிரையைப் பின்னால் சாய்த்தார். கண்ணுக்கு மேலே விளக்கு, முகமூடி போட்ட ஒரு முகம். துளைக்கும் கருவி பல்லில் பட்டதும் என் தாடை அதிர்ந்தது. அது தாடையோடு நிற்கவில்லை. வாகனத்தின் இருக்கைக்குக் கீழேயிருந்து வந்த அதிர்வாக மாறிவிட்டது. அதற்குப்பிறகு எனக்கு நினைவிருப்பது, கழுத்தில் கட்டிய கடதாசித் துண்டோடு தெருவில் நின்றதுதான். அதன்பிறகு நான் போகவில்லை. மற்றப் பற்களும் ஒவ்வொன்றாக வெடித்தன. கடைசியில் ஒரு பக்கம் வீங்கிக் காய்ச்சல் வந்து, எச்சில் விழுங்கவும் முடியாமல் போனது. தொலைபேசியில் வைத்தியர், கிருமி கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார். சாகப் பயமாக இருந்தது. அந்தக் கதிரைக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

நீங்கள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கதிரையைச் சாய்க்காமல் செய்வதாக அந்த வைத்தியர் ஒத்துக்கொண்டார். அப்போதும் என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. என் கண் அறைக் கதவிலேயே இருப்பதை நீங்கள் கண்டுகொண்டீர்கள். எழும்பிப் போய்க் கதவடியில் நின்றீர்கள்.

"நீ என்னைப் பார். நான் இதிலை நிக்கிறன். என்னைத் தாண்டி ஒருத்தரும் உள்ளுக்கை வராயினம். நீ வாயைத் திற."

இடையில் உதவியாளர் பெண் ஏதோ எடுத்துக்கொண்டு உள்ளே வரப் பார்த்தார். கையைக் காட்டி மறித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் தலையசைத்த பிறகுதான் அவரை விட்டீர்கள். உங்கள் முகம் வேர்த்திருந்தது. சிப்பாய்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பயந்த மனிதர், ஒரு சிப்பாய்க்குக் காவல் நின்றீர்கள்.

அதன்பிறகுதான் என் நோய்க்கு ஒரு பெயர் வந்தது. போர் முடிந்து காலம் கழித்துத் தலைகாட்டும் மனக்காயம் என்றார்கள். அது இராணுவச் சேவையால் வந்தது என்று அரசு ஏற்றுக்கொண்டால்தான் இயலாமைக்கான உதவி கிடைக்கும். பற்கள் வேறொரு கேள்வி. அவை நோயால் உடைந்தனவா, நான் கவனிக்காமல் விட்டதால் உடைந்தனவா? அதைத் தீர்மானிக்க, ரண்டர்ஸ் நகரில் ஒரு மருத்துவரிடம் பரிசோதனைக்குப் போகச்சொன்னார்கள். வீட்டில் கூட இருப்பவர் ஒருவரும் வரலாம் என்றார்கள்.

காரில் போகும்போது கேட்டீர்கள்: "நான் ஏதும் பிழையாச் சொன்னால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ?"

"நாங்கள் இந்த நாட்டுப் பிரசைகள், அப்பா."

"ஓம், ஓம். எண்டாலும்…"

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று மருத்துவர் கேட்டதற்கு வேண்டாம் என்றீர்கள். இறைச்சித் தொழிற்சாலை வேலையில் படித்த டேனிஷில், சின்னச் சின்ன வசனங்களாகச் சொன்னீர்கள். "இவனுக்குப் பயம். சாப்பிடும்போது பயம். படுக்கும்போது பயம். பயத்தைப் பல்லால் கடிக்கிறான்."

"பயம்தான் என்று எப்படித் தெரியும்?" என்று மருத்துவர் மெதுவாகத்தான் கேட்டார்.

நீங்கள் பொய்ப்பற்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தீர்கள். காற்றுப் போகும் வாயோடு அந்தச் சோதனைச்சாவடியைப் பற்றிச் சொன்னீர்கள். தமிழில் என்னிடம் ஒருநாளும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் டேனிஷில் சொன்னீர்கள். "என்னை அடித்தவன் சின்னப் பொடியன். அவனுக்கும் பயம். கை நடுங்கியது. நான் கண்டேன். பிறகு என் மகன் சீருடையோடு வாசலில் நின்றான். அதே வயது. எனக்கு அவனைக் கண்டு பயம். அவனுக்காகவும் பயம்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

முடிவு வர மாதக்கணக்கானது. நோயையும் ஏற்றுக்கொண்டார்கள், பற்கள் அதனால் உடைந்தவை என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள். குறைந்த நேர வேலையும் ஒழுங்காகியது. அம்மா அழுதார். நீங்களோ, "பிறகு மாத்திச் சொல்லமாட்டினம்தானே?" என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களிலும் ஒருமுறை அதையே கேட்டீர்கள். மாட்டார்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். உண்மையில் எனக்கும் நிச்சயமில்லை.

இன்று புது வைத்தியர். இளம் பெண். கதிரையில் ஏறுமுன், "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று டேனிஷில் சொன்னேன். அறையே கேட்கும்படி சொன்னேன். நீங்கள் சொன்னது மாதிரி, சின்ன வசனமாக. அவர் அவசரப்படவில்லை. எதற்கெல்லாம் பயம் என்று கேட்டார். சாய்ப்பதற்கு, விளக்குக்கு, அதிர்வுக்கு என்றேன். ஒவ்வொன்றையும் செய்யுமுன் சொல்லிவிட்டே செய்தார். இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. ஆனால் நான் எழும்பி ஓடவில்லை.

வெளியே வந்து காருக்குள் வெகுநேரம் இருந்தேன். விறைத்த உதட்டோடு இதை எழுதத் தொடங்கினேன். அடுத்த கிழமை மற்றப் பக்கப் பல்லுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். இப்போதே பயமாக இருக்கிறது, அப்பா. ஆனாலும் அவர்களிடம் வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.