தோற்ற பிறகு யாரிடம் போகிறார்

நேற்று கடைத்தெருவில் செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். தைப்பவர் நனைந்த தோல் ஒன்றில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதும் நம் தீவுக் கல்லூரி மைதானம் கண் முன்னால் வந்துவிட்டது. மழையில் ஊறிப் பூசணிக்காயாய்க் கனக்கும் தோல் பந்துக்கு, ஆட்டம் முடிந்ததும் பையன்கள் இந்த எண்ணெயைத்தான் பூசுவார்கள். செருப்பை வாங்க மறந்து வெறுங்காலோடு மரைன் ஹில் ஏற்றத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. நீ இருந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

கல்லூரி புதிது அப்போது. அறுபதுகள் முடிந்து எழுபதுகள் தொடங்கிய காலம். விளையாட்டுக் குழுவுக்கு ஆள் தேடினார் முதல்வர். சனிக்கிழமைதோறும் மழையில் நனைய ஆண்கள் யாருக்கும் மனமில்லை. மறுத்துப் பேசத் தெரியாத நூலகக்காரி நானும், கூப்பிடும் முன்பே கை தூக்கிய கணித ஆசிரியை நீயும் மாட்டிக்கொண்டோம். மூன்றாமவர் வணிகவியல் பேராசிரியர், பனாரஸ்காரர், வராண்டாவை விட்டு இறங்காதவர்.

நமக்கு ஒரே வேலைதான். கால்பந்து அணி தோற்றுக்கொண்டே இருந்தது. மெயின்லேண்டிலிருந்து தற்காலிகமாக ஒரு கோச்சைக் கூட்டி வருவார்கள். பருவம் முடியும்போது அவரை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நாம் மூவரும் சொல்லவேண்டும். வேண்டாம் என்றால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதனால் கப்பல் தேதியை அறிவித்ததும் கல்லூரியே கோச்சின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

எனக்குக் கால்பந்தில் கோல் விழுந்தால் கைதட்டவேண்டும் என்பது மட்டும் தெரியும். அதுவும் எதிரணி கோலுக்கே பலமுறை தட்டியிருக்கிறேன். நீ தூத்துக்குடிக் கடற்கரையில் அண்ணன் தம்பிகளோடு மணலில் பந்தடித்து வளர்ந்தவள். முதல் சனிக்கிழமையே என் முழங்கையில் இடித்துச் சொன்னாய்: “ஏட்டி, பந்தப் பாக்காத. அந்த மனுசன் தோத்த பொறவு மொதல்ல யார்ட்ட போறான்னு பாரு. அது போதும்.”

கல்கத்தாவிலிருந்து வந்தவர் தோற்றதும் நேராக முதல்வரின் நாற்காலிக்குப் போனார், காரணங்களை அடுக்க. பெங்களூர்க்காரர் தன் குடையைத் தேடிப் போனார். இருவரையும் வேண்டாம் என்றாய். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நீ அப்படிச் சொன்னது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகவே பட்டது. ஆனாலும் உன் பக்கமே கை தூக்கினேன், உன்னோடு சண்டை போட்டுவிட்டு யாரோடு டீ குடிப்பது என்ற பயத்தில்.

மூன்றாவதாக வந்தவர் கண்ணூர்க்காரர். ஒல்லியான மனிதர், கத்தமாட்டார். வங்காளிப் பையனும் தெலுங்குப் பையனும் ராஞ்சிப் பையனும் நம்மூர்ப் பையன்களும் கலந்த அந்த அணியிடம் உடைந்த இந்தியில் பேசி எப்படியோ வேலை வாங்கினார். மனைவியையும் கைக்குழந்தையையும் அப்போதுதான் ஊரிலிருந்து கூட்டி வந்திருந்தார். இந்த வேலையும் போனால், திரும்பிப் போக ஊரில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அதை நீ என்னிடம் வெகுநாள் கழித்துத்தான் சொன்னாய், என் தீர்ப்பு அதனால் சாய்ந்துவிடக்கூடாது என்று.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் துறைமுகத் தொழிலாளர் அணியோடு. அதற்கு முந்தின நாள், வடக்குத் தீவுக்குப் போகும் திக்லிபூர் கப்பல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே நெல் அறுப்பு. நம் அணியில் கோல் போடத் தெரிந்த இரண்டே பேரும் திக்லிபூர்க் குடியேறிகளின் பிள்ளைகள். கோச் தானே கப்பல் துறை ஜெட்டிக்குப் போய் இருவரையும் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் கோல் போட ஆளே இல்லாமல் களத்தில் இறங்கினோம். எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுதி உன்னை மறுபடி நோகடிக்கமாட்டேன்.

பனாரஸ்காரர் வராண்டாவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: “யே கோச் ஹை யா ஷிப்பிங் கிளர்க்?” இவர் கோச்சா, கப்பல் குமாஸ்தாவா என்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆட்டத்துக்கு முந்தின நாள் நல்ல ஆட்டக்காரர்களை ஊருக்கு அனுப்பும் கோச்சை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

நீ சிரிக்கவில்லை. மைதானத்தைக் காட்டினாய். நம் கோல்கீப்பர், ரங்கத் ஊர்ப் பையன், கோல் கம்பத்தடியில் சேற்றில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். விழுந்த கோல் எல்லாம் அவன் கணக்கில்தானே. அவனோடு விளையாடிய பையன்களே அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முதல்வர் கோச்சைக் கைகாட்டி அழைத்தார். கோச் அதைப் பார்த்தார், தலையசைத்தார், கம்பத்தை நோக்கி நடந்தார். அவன் பக்கத்தில் அதே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பேசினாரா என்றுகூடத் தெரியவில்லை. முதல்வரை அப்படிக் காக்க வைத்தவர் அந்தக் கல்லூரியில் அவர் ஒருவர்தான்.

கூட்டத்துக்குப் படியேறும்போது கேட்டேன், அது சரி, கப்பலேற்றி விட்டது மட்டும் தப்பில்லையா என்று. நின்று திரும்பினாய்.

“கப்பல் நம்ம சொன்னா வருமா? இதுல அவனுவ ஏறலன்னா அப்பன் அறுப்புக்கு ஆளில்லாம நிப்பான். பொறவு பயல காலேஜுக்கே அனுப்பமாட்டான். பந்தடிக்க மொதல்ல பய இங்கன இருக்கணும்லா?”

பனாரஸ்காரர் அனுப்பிவிடலாம் என்றார். நீ வைத்துக்கொள்ளலாம் என்றாய். முதல்வர் என்னைப் பார்த்தார். ஜெட்டியில் மெயின்லேண்ட் கப்பல் நின்றுகொண்டிருந்தது, சன்னல் வழியாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததோ காய்கறி வாங்கும் இந்தி. அதில்தான் சொன்னேன், “ரஹ்னே தோ சாப்.” இருக்கட்டும் என்று. முதல் தடவையாக உனக்குப் பயப்படாமல் உன் பக்கம் நின்றேன்.

அவர் இருந்தார். அறுப்பு முடிந்து திக்லிபூர்ப் பையன்கள் இருவரும் திரும்பி வந்தார்கள். ஆனாலும் அடுத்த வருடமும் தோற்றோம். ஒரு கப்பல் சிப்பந்திகளின் அணியோடு சமமாக முடித்தோம், அவ்வளவுதான். அதற்கே நீ குடையைத் தூக்கி எறிந்து குதித்தாய். கம்பி உடைந்த அந்தக் குடை என்னுடையது.

உன் அடக்கத்தன்று நடந்ததை உன்னிடம் சொல்லவேண்டும். மழை விடவில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் வந்த உன் மகனைச் சுற்றித்தான் எல்லோரும் நின்றார்கள். ஆறுதல் சொல்ல வரிசை. நானும் அந்த வரிசையில்தான் போய் நின்றேன், அதுதானே முறை. அப்போதுதான் உன் சின்ன மகள் கண்ணில் பட்டாள். கடைசிவரை உன்னைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள். கல்லறைச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். நேரத்தோடு உன்னைக் கொண்டுபோகவில்லை என்று சொந்தக்காரர்கள் காலையிலிருந்தே அவள் காதுபட முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வரிசையை விட்டு வந்துவிட்டேன். உன் மகன் என்னைப் பார்த்துக் கைநீட்டினான். தலையசைத்துவிட்டு நடந்தேன். என் முழங்காலுக்கு உட்காருவது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். சுவரைப் பிடித்து, அவள் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தேன்.

“நான்தான் அத்தை, லேட்டாக்கிட்டேன்” என்றாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அன்று அந்த மனிதர் கம்பத்தடியில் என்ன பேசியிருப்பார் என்று இத்தனை வருடம் யோசித்திருக்கிறேன். ஒன்றும் பேசியிருக்கமாட்டார் என்று அப்போது தெரிந்தது. அவள் தலை மெல்ல என் தோளில் சாய்ந்தது. கூட்டம் கலைந்து, மழை விட்டு, எங்களை எழுப்ப ஆள் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.