ஐந்து லினக்ஸ் போட்டும் ஓடாத கேம்

2026 ஜனவரி 6, செவ்வாய். காலை 11.20. இதுவரை போட்டு அழித்த லினக்ஸ்: நான்கு.

விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுபோச்சு. என் பழைய ப்ராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. அதனால் கேமிங் பிசியில் விண்டோஸுக்குப் பதிலா போட ஒரு டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸில் ஒரு வகை, தேடுகிறேன். மின்ட், உபுண்டு, ஃபெடோரா, பாஸைட். எதிலும் குறை இல்லை. கார் ரேஸ் ஓடுது, ஃபுட்பால் ஓடுது. குருவோடு ஆடுற ஷூட்டிங் கேம் மட்டும் திறந்ததும் மூடிக்குது.

வேலை போய் ஊருக்கு வந்து ஐம்பது நாள். ஒன்றும் தோணல. பசிகூட அம்மா சொன்னால்தான் தெரியுது.

ஜனவரி 7

ஐந்தாவது. கேச்சிஓஎஸ். அதே.

ஜனவரி 9, வெள்ளி

ஃபோரத்தில் ஒருவன் ஒரே வரியில் சொல்லிட்டான்: அந்த கேமில் கள்ளாட்டம் பிடிக்கிற ஆன்டி-சீட் லினக்ஸையே உள்ளே விடாது, எந்த டிஸ்ட்ரோ போட்டாலும். இது எனக்கு முதல் நாளே தெரியும். அப்புறம் எதுக்கு ஐந்து தடவை?

குரு ஸ்கூல் கூட்டாளி. வீடு அனந்தபுரத்தில், இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. ஆகஸ்டில் அவன் அப்பா, எங்களுக்கு நைனா, செத்துப்போனார். நான் சென்னையில் இருந்தேன். போகல. லீவ் கிடைக்கலன்னு மெசேஜ் போட்டேன். காரியம் முடிஞ்ச மறுநாளே கேமுக்கு வந்துட்டான். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஹெட்செட்டில் பேச்சு – லெஃப்ட்ல ஒருத்தன், மாடியில பாரு. நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது வசதி.

ஜனவரி 12, திங்கள்

குரு போன் பண்ணான். ஏன் ஆளைக் காணோம்னு ரெண்டு கெட்ட வார்த்தை. லினக்ஸ் என்றேன்.

"ஒரு கேம ஓட வெக்கத் தெரில. அதான் உன்ன கம்பெனில வெச்சிக்கல" என்று சிரித்தான். அப்புறம், "சீக்கிரம் சரி பண்ணுடா. வியாழக்கிழம எங்க வூட்ல பொங்கல் கெடையாது. காலைலேந்து சும்மாதான் இருப்பேன்."

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பொங்கல் வைக்க மாட்டாங்க. தெரியாதவனா நான்? சரிடா என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

வியாழன் அனந்தபுரம் போறேன்னு அம்மாவிடம் சொன்னேன்.

"நல்ல நாளும் அதுவுமா துக்க வூட்டுக்கா? அப்புறமா போயேன்."

அப்புறம் அப்புறம்னுதான் அஞ்சு மாசம்.

1. மின்டைத் திரும்பப் போட்டு விட்டுடணும். ஆறாவது கிடையாது.
2. வியாழன், அம்மா படைச்சு முடிச்சதும் பஸ்.
3. கேம் இனிமே என் பிசியில் ஓடாதுன்னு அவனிடம் நேர்ல சொல்லணும்.
4. லீவ் கிடைக்கலன்னு மறுபடி சொல்லக்கூடாது. நான் லீவே கேட்கல.