சிவப்புப் பொட்டு வைத்த டப்பா

ஈஜோக்,
13.10.1985

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி பாலன், வாங்கி மூன்று மாதமாகியும் ஒரு முட்டைகூட இடாத ஐந்து கோழிகள் எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்காலை மட்டும் இதில் சேர்க்கவில்லை. ரியாத்தில் நீயும் உன்னோடு வேலை செய்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் தோட்டத்து ஆபீசில் இரண்டு நாள் கிடந்து, கணக்கெழுதும் கிராணிக்கு ஞாபகம் வந்து, போன வாரம் வெள்ளிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. முதல் பக்கத்தைச் சத்தம் போட்டு அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், நீங்கள் பிலிப்பினோ பிள்ளைகளோடு சேர்ந்து ரசம் வைத்த கதைக்கு அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இரண்டாம் பக்கத்தை மனதுக்குள்தான் படித்தேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். மஞ்சள்காமாலைக்குத் தடுப்பூசி உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. முதலில் அந்த நாட்டுக்காரர்களுக்கு, அடுத்தது இங்கிலாந்து அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், அதற்குப் பிறகு மீதி இருந்தால் மலேசியா, பிலிப்பைன்ஸ், கேரளா என்று உங்களுக்கு. மீதி இருக்கவில்லை. உன் அறையில் இருந்த கேரளத்துப் பெண் கையில் நோயாளிக்குப் போட்ட ஊசி குத்தி, கண் மஞ்சளானதும் அவளைப் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு கம்பெனிக்காரன் வந்து, இன்னும் புதிய தடுப்பூசி ஒன்றைச் சோதிக்கிறோம், வெளிநாட்டு நர்சுகள் சேரலாம் என்கிறான். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர், யாருக்கு எது என்று போடுகிறவருக்கே தெரியாது. நவம்பரில் ஓர் ஊசி, டிசம்பரில் ஒன்று, மே மாதத்தில் மூன்றாவது, பிறகும் மாதாமாதம் இரத்தம் எடுத்து இரண்டு வருஷம் பார்ப்பார்கள். மூன்றாவது ஊசி முடியும்வரை லீவு கிடையாது. அப்படியானால் தை மாதம் பாலன் கல்யாணத்துக்கு நீ வர முடியாது. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ஃபாரம் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடட்டுமா அம்மா என்று கேட்டிருக்கிறாய்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், அதை மறைக்க எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும். நோயாளிக்கு இரத்தம் எடுக்கிறவள் நீ, படுக்கை மாற்றுகிறவள் அந்தக் கேரளத்துப் பெண். ஊசி குத்துவதற்கு மட்டும் பாஸ்போர்ட் பார்க்கிறதில்லை, ஊசி போடுவதற்குப் பார்க்கிறார்களா? மறுநாள் வேலை முடிந்ததும் நேராக நம் கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸர் தங்கராஜுவிடம் போய் உன் கடிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை படித்தார். பழைய தடுப்பூசி மனிதர் இரத்தத்திலிருந்து எடுத்ததாம், இது ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டில் செய்ததாம், அதனால் நல்லதாகத்தான் இருக்கும் என்றார். அப்படி என்றால் எதற்கு இரண்டு வருஷம் என்று கேட்டேன். "அம்சவள்ளி, இது தலைவலி மாத்திர இல்ல, முழுங்கிட்டு அர மணி நேரத்துல சொல்றதுக்கு. மஞ்சக்காமால உள்ள வந்து மாசக்கணக்கா சத்தம் போடாம உக்காந்திருக்கும். யாருக்கு வருது யாருக்கு வரலன்னு காத்துக் கெடந்து எண்ணணும்லா" என்றார். இதற்கு முன்னால் எலி, குரங்கு, நாலைந்து தைரியசாலிகள் என்று ஐந்தாறு வருஷம் ஓடியிருக்குமாம். அப்படியானால் யாருக்காவது நோய் வரட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள் என்றேன். ஆமாம் என்றார், வெட்கப்படாமல். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. நாங்கள் தோட்டத்துச் செம்பனை மரங்களுக்கு அடியில் புல்லுக்கு அடிக்கிற மருந்தை யார் மேல் இப்படிப் பார்த்தார்கள் என்று அடுத்துக் கேட்டேன். உங்கள் மேல்தான், இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் எண்ணுவதற்குத்தான் ஆள் போடவில்லை என்றார். மனுஷன் லேசுப்பட்டவரில்லை.

இனி நான் எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி. உனக்கு நாலு வயதில் குளிர்காய்ச்சல் வந்து, பதினொரு நாள் கிளினிக்கில் கிடந்தாய். மழையில் நனைந்ததால் வந்தது என்று இருபத்தொரு வருஷமாகச் சொல்லி வந்தேன். அது பொய். அந்த வருஷம் ஒரு நாள் ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஒரு வெள்ளைக்காரனும் சின்ன வயதுச் சீன டாக்டர் ஒருவரும் வந்தார்கள். வீட்டுக்கு ஒரு டப்பா, வாரம் ஒருமுறை எல்லாரும் மாத்திரை விழுங்க வேண்டும், மலேரியா வராது என்றார்கள். சோதனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்காதவர்களுக்கு அன்றைக்குப் பேரும் இல்லை கூலியும் இல்லை என்று கிராணி மட்டும் சொன்னார். எல்லா மாத்திரையும் ஒரே வெள்ளை, ஆனால் பாதி டப்பாவின் மூடியில் சிவப்புப் பொட்டு, பாதியில் நீலப் பொட்டு. அன்று சாயங்காலத்துக்குள் லயத்து வரிசை வீடுகள் மொத்தமும் முடிவு செய்துவிட்டது, சிவப்பு அம்மனுக்கு உகந்த நிறம், அதில்தான் வேகம் இருக்கும், நீலம் சும்மா. நமக்கு வந்தது நீலம். பக்கத்து வீட்டு நவமணிக்குச் சிவப்பு. ஒருத்தி கோழியைக் கொடுத்துச் சிவப்பை வாங்கினாள், இன்னொருத்தி ஒரு மாதம் தண்ணீர் தூக்கித் தருவதாகச் சொல்லி வாங்கினாள். நானும் விடவில்லை. நவமணிக்கு மூன்று பிள்ளைகள், அவள் லேசில் கொடுப்பாளா? நம் வீட்டில் ஒரே ஒரு கொசுவலை இருந்தது, அப்பா கோலா சிலாங்கூரில் வாங்கி வந்தது, நீ அதற்குள்தான் படுப்பாய். சிவப்பு டப்பா வந்த பிறகு வலை எதற்கு என்று அதையும் நீல டப்பாவையும் தூக்கிக் கொடுத்து, அவளுடைய டப்பாவை வாங்கிக்கொண்டு ராணி மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் மாதம் நீ மூன்று சாக்குப் போர்வைக்கு அடியில் கிடந்து நடுங்கினாய். நவமணி பிள்ளைகள் ஒரு தும்மல்கூடப் போடவில்லை, வெளியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வருஷக் கடைசியில் அந்தச் சீன டாக்டர் வந்து வீட்டு நம்பரையும் காய்ச்சல் வந்தவர் பேரையும் வைத்துக் கூட்டிப் பார்க்கிறார், ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. கடைசியில் நவமணிதான் டப்பா மாற்றிக்கொண்டதைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஹாபிஸ்லா" என்றார், எல்லாம் போச்சு என்று. தலையில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பிறகுதான் சொன்னார், சிவப்பு டப்பாவில் இருந்தது மாவும் சுண்ணாம்பும். மருந்து நீலத்தில். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள், பொட்டு இல்லாத டப்பா, பெரட்டிலேயே விழுங்கி வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு வருஷத்துச் சோதனை மூன்று வருஷமானது. அதில் என் பங்கும் இருக்கிறது. மருந்து நல்லது என்று தெரிந்த பிறகு முதலில் துரை பங்களாவுக்குப் போனது, பிறகு டவுன் கடைக்கு, நம் லயத்துக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தது. சோதித்துப் பார்க்க மட்டும் நாம் முதல் வரிசை. இது பாதி சுண்ணாம்பு, மாற்றாதீர்கள் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான். சொல்லியிருந்தா சுண்ணாம்ப எவன் வாங்கியிருப்பான் என்கிறார் அப்பா.

ஆனால் உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள், எங்களுக்கும் உனக்கும் அதுதான் வித்தியாசம், அதனால் நீ கேள்வி கேட்கலாம். உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்குச் சோதனை முடிந்ததும் நல்ல ஊசி உண்டா, அதுவும் அந்த நாட்டை விட்டுக் கிளம்புமுன்பா, கிளம்பிய பிறகு என்றால் யார் போடுவார்கள், நடுவில் காமாலை வந்தால் வைத்தியம் பார்ப்பார்களா, பெட்டியைக் கட்டுவார்களா. வாயால் சொன்னால் போதாது, ஃபாரத்திலேயே எழுதித் தரட்டும். தனியாகப் போய்க் கேட்காதே. தனியாகப் போனால் ரமணி கேட்டாள் என்று ஆகும், எல்லாரும் போனால் யார் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் போன மாதம் அப்படித்தான் செய்தோம். மருந்தடிக்கிற பெண்கள் பதினாலு பேரும் பெரட்டில் நின்ற இடத்திலேயே நின்றோம், கையுறை கொடுத்தால்தான் டின்னைத் தொடுவோம் என்று. வேலை வாங்குகிற மண்டோர், "கையுற போட்டா கை வேல செய்யாதும்மா" என்றார். "அப்ப நீங்க வெறுங்கையால ஒரு டின்னு கலக்கிக் காட்டுங்க" என்றேன். காட்டவில்லை. மூன்றாம் நாள் கையுறை வந்தது, எல்லாம் ஆம்பிளை அளவு, என் விரலுக்கு மேலே ஒரு விரல் காலியாக ஆடுகிறது. உன் அப்பா பார்த்துவிட்டு, இவ டவுன்ல பொறந்திருந்தா வக்கீலா போயிருப்பா, இங்க பொறந்ததால எனக்கு வாய்ச்சா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அவர்கள் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடு. மாட்டோம் என்றால் போடாதே, ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பி வா. நேற்று பஸ் ஏறிக் கிள்ளானுக்கே போய் விசாரித்தேன், அங்கே ஒரு கிளினிக்கில் பழைய தடுப்பூசி இருக்கிறது. விலை நமக்கு எட்டாததுதான், ஆனாலும் நானும் அப்பாவும் பணம் போட்டுவிடுவோம், நீ அதைப் பற்றி யோசிக்காதே. கல்யாணத்தை நினைத்தும் நீ அவசரப்பட வேண்டாம். பாலன் ராவாங் பேக்டரியிலிருந்து வந்ததும் உன் கடிதத்தைக் காட்டினேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தான். பிறகு, "அக்கா முடிச்சுப் போடாம நான் தாலி கட்டுறதா? அவுந்துடும்லா. ஆவணிக்கு மாத்துங்க" என்றான். கல்யாணப் பெண் திலகத்தின் அப்பா முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டார், தை மாதத்துக்கு ஆளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டதே என்று. நல்லவேளை பெண்ணே உள்ளேயிருந்து வந்து, நாத்தனார் இல்லாத கல்யாணம் எனக்கும் வேண்டாம், பின்னால் யார் பேச்சுக் கேட்பது என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை இன்னும் பிடித்துப்போயிற்று. ஆக, நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் கல்யாணம் ஆவணியில்தான். மூன்றாவது ஊசி மே மாதத்தோடு முடிந்துவிடும், ஆவணிக்கு நிறைய நாள் இருக்கிறது.

நவமணி அத்தைக்கும் விஷயம் தெரியும், அவளுக்குத் தெரியாமல் இந்த லயத்தில் என்ன நடந்திருக்கிறது? வந்து உட்கார்ந்து உன் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "புள்ளைக்கி எழுது அம்சா, இந்த தடவ எந்தப் பொட்டு வந்தாலும் மாத்திக்க வேணாம்னு" என்றாள். அந்தப் பழைய வலையில் அவள் பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்தார்கள், கிழிந்த பிறகு கோழிக்கூட்டுக்கு மேலே போட்டிருந்தாள். பாலன் கல்யாணத்துக்குப் புதுக் கொசுவலை ஒன்று கோலா சிலாங்கூரில் சொல்லிவைத்திருக்கிறாளாம், ரோஸ் நிறத்தில், கட்டிலுக்கு மேலே வட்டமாகத் தொங்குகிற மாதிரி. "இதயாச்சும் யாருக்கும் தூக்கிக் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

தீபாவளிக்கு முறுக்கு அனுப்ப ஆசைதான், போன வருஷம் தூளாகத்தான் வந்தது என்று எழுதியிருந்தாய், அதனால் உன் பங்கைப் பாலன் தின்பான். கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்றாயே, திருநீறு வைக்கவில்லை, உன் பேரைச் சொல்லி நான் இங்கே பூசிக்கொண்டேன், அது போதும். எண்ணெய் தேய்த்துக் குளி. நேரத்துக்குச் சாப்பிடு. பிலிப்பினோ பிள்ளைகளுக்கு நான் கேட்டதாகச் சொல், அந்தக் கேரளத்துப் பெண்ணின் ஊர் விலாசம் இருந்தால் அனுப்பு, எனக்கு மலையாளம் தெரியாது, நீ ஒரு கடிதம் எழுது, நான் ஏதாவது சேர்த்து அனுப்புகிறேன். அம்மாவும் அப்பாவும் உன் தலைமேல் கைவைத்து ஆசீர்வாதம் செய்கிறோம், நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இரு.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஊசி போட்டுக்கொண்டால் அன்றிலிருந்து உனக்குள் போனது உப்புத் தண்ணீர் என்றே நினைத்துக்கொள். மருந்தாகத்தான் இருக்கும் என்று உன் மனம் சொல்லும், என் மனமும் அப்படித்தான் சொன்னது. சோதனை முடிந்து, யாருக்கு எது போட்டது என்ற சீட்டை அவர்கள் பிரித்துச் சொல்லும்வரை கையுறையைக் கழற்றாதே. நானும் இங்கே கழற்றவில்லை.

உன் அம்மா,
ந. அம்சவள்ளி