முனியசாமியின் வலது கை

நேற்று எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். தின்னர் வாடை என் ஜன்னல்வரை வந்தது. உங்கள் சட்டையில் எப்போதும் அந்த வாடைதான். "வாரத்துல ஆறு நாள் காருக்குப் பெயின்ட், வெள்ளிக்கிழமை மனுசனுக்கு" என்பீர்கள்.

2003 வாக்கில் அது. ஷார்ஜா ஒர்க்‌ஷாப்பில் உங்களுக்கு வேலை. வெள்ளியன்று அஜ்மான் மீன்பிடித் துறைமுகத்தில், அரபியின் படகுகளில் வேலை செய்த ராமநாதபுரத்து ஆட்களைப் பலகையில் வரைவீர்கள். இஸ்திரி போட்ட சட்டையும் அத்தருமாக வருபவர்களை, வேலை உடுப்பில் வரச்சொல்லித் திருப்பி அனுப்புவீர்கள். பள்ளி ஆசிரியனான எனக்கும் அன்று விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முகத்தைவிடக் கைகளுக்கு உங்களுக்கு அதிக நேரம் பிடிக்கும்.

முனியசாமியின் வலது கையில் இரண்டு விரல்களைக் கயிறு சுற்றும் இயந்திரம் எடுத்திருந்தது. ஊருக்குப் போகும் நண்பரிடம் மனைவிக்குப் படத்தைக் கொடுத்தனுப்ப நினைத்தான்.

"அண்ணே, அந்த ரெண்டு வெரலயும் சேத்துப் போட்டுருங்க. வீட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சா மறுபடி கடலுக்கு விடமாட்டா."

"இல்லாத வெரல எப்பிடிப்பா போடுறது?"

"ஒடுங்குன காரையெல்லாம் புதுசாக்கித் தாறீகள்ல. எனக்குன்னா மட்டும் முடியாதாக்கும்?"

நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் தூரிகை நகரவில்லை. கையை மீன்கூடைக்குள் விட்ட மாதிரி வரையலாமே என்று நான் சமாதானம் சொன்னேன்.

"அப்புறம் அது யாரு கை சார்?" என்றீர்கள் என்னிடம்.

மூன்று விரல்களோடுதான் வரைந்தீர்கள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு போன் பூத்துக்குப் போனான். நாமும் பின்னால் போனோம். படத்தைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து, மனைவிக்கு மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான்.

"தலையில துண்டு கட்டிருக்கேன். மீசை நரைச்சத அப்பிடியே போட்டுட்டாரு. நீ தச்ச பச்சைச் சட்டை..." கை வந்ததும் நின்றான். "வலது கையில மூணு வெரலுதான் புள்ள. ஆறிருச்சு."

என்ன பதில் வந்ததோ, "இழுக்க முடியுது. படத்துலகூட வலை இழுத்துக்கிட்டுத்தான நிக்கிறேன்" என்றான்.

அடுத்த வருடம் உங்கள் மனைவிக்குப் போன் செய்யும் வேலை எனக்கு வந்தது. உடம்பு சரியில்லை, ஊருக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள் உங்கள் ரூமில் இருந்தவர்கள். இங்கே அதுதான் வழக்கம். நான் அப்படிச் சொல்லவில்லை. காலையில் நீங்கள் டீ குடித்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பியது, பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது, ஆம்புலன்ஸ் வந்தது என்று வரிசையாகச் சொல்லி, முடிவையும் சொன்னேன்.

அழுது ஓய்ந்து அவர் ஒன்றுதான் கேட்டார்: "நீங்க பக்கத்துல இருந்தீங்களா சார்?"

"இல்லம்மா. ஸ்கூல்ல இருந்தேன்."

இருந்தேன் என்று சொல்லியிருக்கலாமோ என்று சில நாட்களில் தோன்றும். உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அவருக்கு அந்த உண்மை போதுமாக இருந்ததா என்பதுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.