சின்னவள் வீட்டு நெட்

ஜூன் 3, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. அம்மா எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி, என் தங்கை சின்னவள் வீட்டில். எங்கள் புது வீட்டில் இன்னும் நெட் போடவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் முகத்தை வீடியோவில் பார்க்காவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. சரி, பேசட்டும். ஆனால் பேச்சு கால் மணி நேரம், போனவள் திரும்பி வந்தது விளக்கு வைத்த பிறகு.

அப்பா போன பிறகு, "பெரியவகூடயே இருந்துக்கறேன்" என்று சொன்னது அம்மாதானே? நானா இழுத்து வந்தேன்?

ஜூன் 5, வியாழன்

நெட் கம்பெனிகளுக்குப் போன் செய்தே மதிய இடைவேளை போயிற்று. ஒரு கம்பெனி எங்கள் தெருவுக்கு இன்னும் கேபிள் இழுக்கவில்லை. இன்னொன்று, மொட்டை மாடியில் தட்டு மாதிரி எதையோ நட்டுக் காற்று வழியாகத் தருமாம். மூன்றாவதின் கேபிள் எங்கள் வாசல் கம்பம் வரை வந்து நிற்கிறது. அதுதான் சின்னவள் வீட்டிலும்.

அவளே போன் செய்தாள். "அக்கா, எங்க கம்பெனியே போடு. நான் சொன்னேன்னு சொல்லு, உடனே வந்துடுவாங்க."

நான் சொன்னேன்னு சொல்லு! இவள் பெயரைச் சொன்னால்தான் என் வீட்டுக்கு நெட் வருமா?

மாடித் தட்டுக்காரரை வரச் சொல்லிவிட்டேன். மழைக்கு அது தாங்காது என்று ஆபீசில் சொல்கிறார்களாம், என் வீட்டுக்காரர் இழுத்தார். உங்கள் ஆபீசா வந்து இங்கே குடியிருக்கப் போகிறது என்று கேட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

வந்துவிட்டது! அம்மாவை நல்ல நாற்காலியில் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, போனை எதிரே நிறுத்தினேன். தம்பி பளிச்சென்று தெரிந்தான். அம்மா காய் நறுக்க எழுந்தாள். "நீ உக்காரும்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று கத்தியை வாங்கி வைத்தேன்.

அம்மா பேசுவதைப் படம் எடுத்துச் சின்னவளுக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்க வேண்டாம். ஆனாலும் அனுப்பினேன்.

ஜூன் 11, புதன்

மழை. தம்பி வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டான். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

இன்று காற்று. தட்டு எந்தப் பக்கம் திரும்பியதோ. நானே போய் அம்மாவைக் கூட்டி வரலாம் என்று சின்னவள் வீட்டுக்குப் போனேன். முன்னறையில்தான் அவள் தையல் கடை. அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டு, யாருடையதோ பழைய ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போன் தையல் மெஷினில் சாய்ந்திருந்தது. தம்பி அதற்குள்ளிருந்து யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தான்.

சின்னவள் தலையைத் தூக்காமலே, "அம்மா, அந்தப் பொத்தானை நேத்தே கேட்டேன், இன்னும் தைக்கலையா?" என்றாள்.

"இருடி, எனக்கென்ன நாலு கையா இருக்கு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். என் வீட்டில் அம்மா அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. வயிறு எரிந்தது — வேறு என்ன சொல்ல? அம்மாவைச் சம்பளமில்லாத வேலைக்காரியாக வைத்திருக்கிறாள். நான் தாங்கு தாங்கென்று தாங்குகிறேன். அவளுக்குச் சிரிப்பு, எனக்குக் காலிச் செருப்பு ஸ்டாண்டு.

ஜூன் 17, செவ்வாய்

மாடித் தட்டைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, சின்னவள் கம்பெனிக்கே சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. கேபிள் இழுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே, "டெய்லர் மேடத்தோட அக்காவா?" என்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

நெட் பாறை மாதிரி நிற்கிறது. மழையிலும் தம்பி தெளிவாகத் தெரிந்தான். அம்மா நன்றாகப் பேசினாள், போனை என் கையில் கொடுத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்படியானால் நெட் காரணமே இல்லை.

ஜூன் 25, புதன்

காலையில் கேட்டேவிட்டேன். எப்படியெல்லாமோ கேட்க நினைத்தது, அழுகையாகத்தான் வந்தது. "இங்க உனக்கு என்னம்மா குறை? ஒரு துரும்பைக் கிள்ளிப் போட விட்டிருக்கேனா உன்னை?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அதைத்தான்டி நானும் சொல்றேன். உக்காரு உக்காருங்கற. எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்கறது? விருந்தாளி வீட்டுல இருக்கற மாதிரியே இருக்கு. அங்க போனா அவ திட்டவாச்சும் செய்யறா."

லேபுக்குப் போனேன். ஒரு ரத்த சாம்பிள் ட்யூபில் வேறு ஆள் பெயரை ஒட்டிவிட்டேன். நல்ல வேளை, நானே பார்த்துவிட்டேன். நாள் முழுக்க ஒரே யோசனை. நான் அம்மாவைத் தாங்கினேனா, இல்லை, சின்னவளை ஜெயிக்கப் பார்த்தேனா?

ஜூன் 29, ஞாயிறு

வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "எனக்கு முடியலம்மா. லேபுக்கும் போயிட்டு இதையும் பாக்க ஆகல. சமையல் இனிமே உன் பொறுப்பு."

அம்மா நேரே சமையலறைக்குப் போய் மேல் தட்டிலிருந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் தரையில் இறக்கிவிட்டாள். உப்பை யார் இவ்வளவு உயரத்தில் வைப்பார்கள், இந்தப் பருப்பு எந்தக் காலத்தது, உனக்கு நான் என்னதான் சொல்லிக் கொடுத்தேன் — ஒரே திட்டு. அசட்டுச் சிரிப்போடு பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டேன். நடுவில் தம்பி வீடியோவில் வந்தான். "அப்புறமா கூப்பிடுடா, கை வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள். அம்மா வரவில்லையே, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது, வேலையாக இருக்கிறாள் என்றேன்.

அவள் மெதுவாக, "அங்க அம்மாவுக்கு அப்படி என்னக்கா வேலை?" என்றாள்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல், இத்தனை நாள் என்னுடையதாக இருந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம், சாப்பிட இங்கேயே வந்துவிடு என்றேன்.