ஒரு வருஷம் சின்னவள்

தெரு முனை இஸ்திரி வண்டியில் இன்று காலை யாரோ கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கொடுத்திருந்தார்கள். ஈரத் துணியின் மேல் சூடான பெட்டியை வைத்ததும் குப்பென்று அந்த வாசனை கிளம்பியது. பால் வாங்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். அது உன் வாசனை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் அந்த வாசனை பட்டால் என் வயிறு எரிகிறது. நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. செத்துப்போன சிநேகிதி மேல் இன்னும் பொறாமைப்பட்டுக்கொண்டு இருக்கிறவள் இந்த ராயபுரத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் ஆக வேண்டும் என்பது என் ஆசை. உன்னுடையது இல்லை. என் தம்பி டைபாயிடில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கூட இருந்தவள் நான். ஜுரக் கணக்கு எழுதிய அட்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில் உனக்குச் சொன்னதும் நான். நீ அப்போது காசிமேட்டில் உன் அம்மாவுக்கு மீன் கூடை இறக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது மணி அடித்த பிறகு வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவாய். சயின்ஸ் பரீட்சையில் இதயத்தின் படத்தை என்னைப் பார்த்துத்தான் வரைந்தாய். மறுக்க முடியுமா?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மனு போட்டோம். அந்தக் காலத்தில் நம்மைப் போன்ற பெண்களுக்கு வேறு என்ன வழி இருந்தது? ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். உன் அம்மா கூடையைக்கூட இறக்காமல் எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"மெய்யாலுமா சொல்றே? சோறு போட்டு, துணி குடுத்து, படிப்பும் சொல்லித்தராங்களா? படிச்சி முடிச்சா வேலையும் கீதா? அப்போ என் பொண்ணையும் உன் கூடவே இட்டுகினு போம்மா!"

நான்தான் உன்னை அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓர இடத்தைக்கூட உனக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி ஆபீஸில் குமாஸ்தா என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத் திறந்து, பிறந்த தேதியில் விரலை வைத்து விரல்விட்டு எண்ணினார். "பதினாறுதான்மா ஆவுது. பதினேழு முடிஞ்சிருக்கணும். அடுத்த வருஷம் வா" என்றார். உனக்கும் எனக்கும் பத்து நாள்தான் வித்தியாசம். நீ உள்ளே போனாய், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எல்லாம் என் அப்பா செய்த வேலை. ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டியவர். அவரோடு வேலை செய்த ஒருவருக்கு வயதைக் கூட்டி எழுதிவிட்டதால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே ரிடையர் ஆக்கி அனுப்பிவிட்டார்களாம். அதைப் பார்த்துப் பயந்த மனுஷன், என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். "நாளைக்கி நீ வேலைக்கிப் போனா ஒரு வருஷம் சர்வீஸ் சேர்த்துக் கெடைக்குமேன்னுதாம்மா..." என்று அன்றைக்குச் சாயங்காலம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பலகையில் 'அ' எழுதாத பெண்ணுக்கு ரிடையர்மெண்ட் யோசனை! மாதா கோயிலில் சரியான தேதி போட்ட ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனோம். சாமியார் கடிதமும் கொடுத்தார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற தேதிதான் செல்லும் என்று அனுப்பிவிட்டார்கள்.

சரி, ஒரு வருஷம்தானே என்று இருந்தேன். இருந்திருப்பேன். நீ முதல் லீவுக்கு வந்தாயே, அங்கேதான் கெட்டது. கஞ்சி போட்டு மடமடவென்று நிற்கிற வெள்ளைச் சேலை, கையில் கடிகாரம். எங்கள் வீட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஹாஸ்டல் கதை சொன்னாய். சீனியர் வந்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டுவிட்டாவது எழுந்து நிற்க வேண்டுமாம். ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தாலும் அக்காதானாம்.

"அடுத்த வருஷம் நீ வந்தேன்னு வெச்சிக்கோ, நா உள்ள வர சொல்லோ எழுந்து நின்னு அக்கான்னு கூப்டணும். கூப்டாம வுட்டேன்னா பெட்பேன் எல்லாம் உன்னையே கழுவ வெப்பேன், பாத்துக்கோ!"

சொல்லிவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்கு ஜுர அட்டையைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான், படத்தை வரைந்து காட்டியவள் நான், உனக்கு எழுந்து நிற்பதா?

மறு வருஷம் நீயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாய். பென்சிலால் எங்கெங்கே என்ன எழுத வேண்டும் என்றுகூடக் குறித்திருந்தாய். அப்பா குளித்துவிட்டு வந்து மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். செய்த தப்பைச் சரிசெய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. நான் அதை வாங்கிக்கொண்டு போய் டிரங்குப் பெட்டியில் அம்மாவின் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தேன். கடைசித் தேதி போனது. பெட்டியை நான் திறக்கவில்லை.

"இன்னாடீ ஆச்சி? ஏன் வர்ல?" என்று நீ ஓடி வந்தபோது, வாயில் வந்ததைச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன்.

ஷிப்ட் முடித்து வந்த அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நீ நேராக அவர் முன்னால் போய் நின்றாய். "இன்னா நைனா, உனக்கே இது நல்லா கீதா? சின்னதுல வயச கொறச்சி ஒரு வருஷத்த பாழாக்கின. இப்ப மொத்தத்தையும் பாழாக்கிட்டியே! பொண்ண வூட்ல பூட்டி வெச்சி இன்னா பண்ணப்போறே?" அந்த வரிசையில் இருந்த எட்டு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டிலும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் நான் டோல்கேட் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரின் கிளினிக் வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனேன். நீ ஸ்டாஃப் நர்ஸ் ஆனாய். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. உன் தம்பிகளைப் படிக்க வைத்தாய். குவைத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று சொன்னாய், போக இஷ்டமில்லை என்றும் சொன்னாய். வருகிறதை வேண்டாம் என்று சொல்லக்கூட உனக்குக் கொடுத்துவைத்திருந்தது. எங்கள் கிளினிக் டாக்டர்கூட உன்னைப் பார்த்தால் "வாங்க சிஸ்டர்" என்பார். என்னை அவர் "ஏம்மா டோக்கன்" என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, உன் வார்டில்தான் சேர்த்தோம். ஒரு சாயங்காலம் கூஜாவில் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டு நீ அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாய். அப்பா குழறிக் குழறிப் பேசுவது கேட்டது.

"நா... வாணாம்னு சொல்லலம்மா. கையெழுத்து போட்டேன்."

"தெரியும் நைனா. கொழாயாண்ட அவள ஒரு பார்வ பாத்தியே, அப்பவே புரிஞ்சிபோச்சி. புரிஞ்சப்புறமும் கொஞ்ச நாளு வேணும்னேதான் உன்ன பாக்குற எடத்துல எல்லாம் திட்னேன். பெத்தவன திட்டுனா பொறுக்காம அவ வாய தொறப்பாளான்னு பாத்தேன். தொறக்கல நைனா அவ. கைய தூக்கு."

நான் திரையை விலக்கவில்லை. கூஜாவை வார்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன். அந்த வாரமே அப்பா போய்விட்டார். கண்ணை மூடிவிட்டது நீ. அவர் மனசில் இருந்ததைக் கேட்டதும் நீ. எனக்கு அழுகையோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. என் அப்பா உண்மையைச் சொல்ல என்னை விட்டுவிட்டு உன்னைத்தானே தேடினார்?

அதற்குப் பிறகு எத்தனை கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருப்பாய். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானாக வாயைத் திறப்பேன் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டு இருந்தாயா, இல்லை போனால் போகிறது என்று விட்டுவிட்டாயா? நானும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் முன்னால் எழுந்து நிற்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

உன்னை எடுத்த அன்றைக்கு உன் வீட்டுச் சந்தே அடைத்துக்கொண்டிருந்தது. உன்னிடம் வேலை கற்றுக்கொண்ட நர்சுகள் எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். அவர்களிலேயே சிலருக்குத் தலை நரைத்திருந்தது. உன்னை வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது பெஞ்சிலும் நாற்காலியிலும் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தொட்டாள். முட்டி வலி, எழுந்திருக்க முடியாது என்று அவளிடம் சொன்னேன்.

எனக்கு முட்டி வலியெல்லாம் ஒன்றும் கிடையாது.