வாசிக்காத மூன்றாவது ஓலை

தெம்பனிஸ்,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் முட்டிவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவாய் என்பதால் கேட்கவில்லை. உன் முட்டிகள் இரண்டும் பெர்த் வெயிலில் நலமாக இருக்கட்டும். இங்கே நானும் என் கொலஸ்ட்ராலும் சௌக்கியம்.

இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக் கடிதமா என்று நினைப்பாய். எல்லாம் அண்ணன் செய்த வேலை. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்று, தான் கட்டப் போகிற அந்த அம்மாவையும் சேர்த்துவிட்டார். நீ ஒரு ரோஜாப்பூ அனுப்பினாய், நான் ஒரு 'வெல்கம்' அனுப்பினேன், அதோடு குழு செத்தது. தமிழில் எழுதினாலும் போன் அதைச் சீனத்தில் மாற்றிக் கொடுத்துவிடுமாம். தனியாகப் பேசலாம் என்றால் உன் போனை உன் மருமகள் பார்க்கிறாள், என் போனை என் பையன் ஜேடன் பார்க்கிறான். இனி நாம் ஒருவரைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டுமானால் காகிதம்தான்.

நீ கேட்டபடி விசாரித்துவிட்டேன். பெயர் குவோ யான்லி. வயது அறுபத்திரண்டு; கழுத்துக்கு மட்டும் முப்பது. சீனாவில் பாலே ஆடியவர், பிறகு ஐரோப்பாவில் கொஞ்ச காலம், அப்புறம் முப்பது வருடமாக இங்கே புக்கிட் பாத்தோக்கில் சின்னப் பிள்ளைகளின் கால்களை முறுக்கிக்கொண்டிருக்கிறார். நம் சிலுவைராஜ் அண்ணன், துவாஸ் கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் வெல்டர்களை மேய்த்தவர், பேத்தி ஈவாவை வகுப்புக்குக் கூட்டிப் போன இடத்தில் வாசலில் உட்கார்ந்து கறிபாப் தின்றிருக்கிறார். அந்த அம்மா வெளியே வந்து, இது நடனப் பள்ளி, காப்பிக்கடை இல்லை என்று விரட்டியிருக்கிறார். விரட்டிய இடத்திலேயே காதல். அண்ணி இறந்த இந்த நாலு வருடத்தில் அவரை யாருமே விரட்டவில்லை, அந்த ஏக்கம்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன் முடிக்கு மை அடிக்கிறார். காதுக்குப் பின்னால் அடிக்க எட்டவில்லை. அங்கே மட்டும் உண்மை தெரிகிறது. சிரிக்காதே. நான் உனக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு நிற்கட்டும். மாதா கோவிலில்தான் கல்யாணம் என்று அண்ணன் ஒரே பிடி. இருபது வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் நற்கருணை வாங்குகிறவர். வெளியே கையெழுத்துப் போட்டுக் கட்டினால் நற்கருணை வாங்கும் உரிமை போய்விடும். ஈஸ்டர் முடிந்ததும் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லப் போகிறாராம்.

உன் தங்கை,
ஜோசபின்


பெர்த்,
25 பிப்ரவரி 2025

இயேசுவின் ஆசீர் உன்னோடு இருப்பதாக.

அன்புத் தங்கை ஜோசபினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை. வலது முட்டி மட்டும் படி ஏறும்போது ஒரு சத்தம் போடுகிறது. டாக்டர் சத்தத்துக்கு மருந்து இல்லை என்கிறார்.

தம்பியை நினைத்தால் வயிறு எரிகிறது. நான் கைபிடித்து எழுதப் பழக்கிய பையன். ஊரில் எத்தனை நல்ல கத்தோலிக்க விதவைகள் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் வாங்காத ஒரு சீனச்சி, அதுவும் தொடை தெரிய ஆடினவள். தன் நாட்டை விட்டே ஓடி வந்தவள் ஒரு கட்டிலில் நிலைப்பாளா?

ஒன்று மட்டும் கேட்டு எழுது. அவள் இதற்கு முன் கட்டினவளா, இல்லையா? அறுபத்திரண்டு வயது வரை ஒருத்தி சும்மா இருந்திருக்க மாட்டாள். உனக்குத் தெரியாமல் தெம்பனிஸில் ஒரு பூனை குட்டி போடாது. கேட்டு எழுது. நான் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

அக்கா ஜெனிவீவ்


தெம்பனிஸ்,
15 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

உளவு வேலை முடிந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. உனக்கும் எனக்கும் அந்த வியாதி ஒன்றுதான்.

நேற்று தபசுகால வெள்ளி, கறி கூடாது. அந்த அம்மாவைச் சிராங்கூன் சாலையில் ஒரு சைவக் கடைக்குக் கூட்டிப் போனேன். இலையைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற பார்வை. ரசத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உன் அண்ணனை நான் கட்டினால் உனக்கு என்ன குறைகிறது?" என்றார். நான் இரண்டாவது பாயசத்துக்குக் கை காட்டிச் சமாளித்தேன்.

பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று பாதத்தைப் பற்றிக் கேட்டேன். அதுதான் திறவுகோலாகிவிட்டது. எல்லோரும் கம்யூனிசத்தைப் பற்றிக் கேட்பார்களாம், பாதத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லையாம். அங்கேயே செருப்பைக் கழற்றினார். அக்கா, அது பாதம் இல்லை. இஞ்சிக் கிழங்கு. பக்கத்து மேசைக்காரர் தயிர்சாதத்தோடு எழுந்து இடம் மாறினார்.

பிறந்தது சீனாவின் வடக்கே இரும்பு ஆலை உள்ள ஒரு ஊர். பதினோரு வயதில் பள்ளிக்கு அதிகாரிகள் அளவுநாடாவோடு வந்து காலை அளந்தார்களாம். கால் நீளம், கழுத்து நீளம், மூன்று தலைமுறையாகத் தொழிலாளி வம்சம். மூன்றும் சரியாக இருந்ததால் நடனப் பள்ளிக்கு ரயிலேற்றினார்கள். நுனிக்காலில் நின்றுகொண்டு துப்பாக்கி பிடிக்கிற நடனம். நம்மை அளந்திருந்தால் இடுப்பில் நாடா போதாமல் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இப்போது நீ கேட்ட விஷயம். கட்டினவர்தான். இருபத்திரண்டு வயதில் குழு ஐரோப்பாவுக்கு ஆடப் போனது. கல்யாணம் ஆகாதவர்களை அனுப்ப மாட்டார்களாம். பின்னால் ஒரு புருஷன் இருந்தால் திரும்பி வருவார்கள் என்ற கணக்கு. மேடைக்கு விளக்குப் போடுகிற ஷாவ் என்பவர், போய் வா என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டார். ஒருநாள்கூட ஒரே வீட்டில் இருந்ததில்லை. அந்த அம்மா ஹாம்பர்க்கில் கால்விரலுக்குப் பிளாஸ்டர் வாங்கப் போனவர் விடுதிக்குத் திரும்பவே இல்லை. ஷாவுக்கு வேலை போயிற்று. இரண்டு குளிர்காலம் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். மறு வருடம் ஷாவ் விவாகரத்து வாங்கி வேறு கல்யாணமும் செய்துகொண்டாராம்.

அண்ணனுக்கு இது தெரியும். காகிதத்தில் நடந்தது காகிதத்திலேயே முடிந்துவிட்டது, ஃபாதரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறாராம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் பாயசத்தின் மீது கை வைத்துச் சத்தியம் செய்தேன். அதனால் நீயும் மூச்சு விடாதே.

ஜோசபின்


பெர்த்,
26 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். நான் யாரிடம் பேசப் போகிறேன்? இங்கே பேச ஆள் ஏது?

உங்கள் கோவில் பங்குச் சாமியாரின் தபால் முகவரியை எழுது. அம்மா அப்பா பேரில் ஒரு பூசைக்கு எழுத வேண்டும்.

ஜெனிவீவ்


தெம்பனிஸ்,
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

முகவரி பின்பக்கத்தில். பூசையில் என் பெயரையும் சேர். தேவைப்படுகிறது.

போன வாரம் நம் ஜெபக் குழுப் பெண்மணிகள் அந்த அம்மாவைச் சாட்சியம் சொல்ல அழைத்தார்கள். தலைப்பு, "இருளிலிருந்து விடுதலை". டிஷ்யூ பெட்டி நாலு வாங்கி வைத்திருந்தார்கள். அந்த அம்மா எழுந்து நின்றார்: வீட்டில் அண்ணன்மார் சோளக்கஞ்சி குடித்த காலத்தில் கட்சி எனக்கு முட்டையும் பாலும் கொடுத்தது, எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார். கூட்டத்துக்கு முகம் செத்துவிட்டது. பிறகு ஏன் ஓடி வந்தீர்கள் என்று தலைவி கேட்டார். கூட்டத்தால் என்றார். தினமும் சாயங்காலம் கூட்டம். ஆளுக்கு ஒரு குற்றம் தன்மேல் சொல்ல வேண்டும், ஒரு குற்றம் பக்கத்தில் இருப்பவர்மேல் சொல்ல வேண்டும். "என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் போனது, வந்துவிட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

டிஷ்யூ ஒன்றுகூட நனையவில்லை. கறிபாப் மட்டும் காலி. இந்தப் பெண்மணிகள் அடுத்தவர் கண்ணீருக்கு வாய் பார்த்துக் காத்திருந்ததைப் பார்த்தபோது எனக்கே குமட்டியது. நான்தான் முன்வரிசையில் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

ஜோசபின்


தெம்பனிஸ்,
19 மே 2025

அக்கா,

இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தார்கள். அந்தோணிசாமி மகன் சிலுவைராஜுக்கும் குவோ யான்லிக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று. அண்ணன் புதுச் சட்டையில் முதல் வரிசை. அந்த அம்மா பக்கத்தில் நேராக, சுவரில் அடித்த ஆணி மாதிரி.

நேற்று மூன்றாவது ஓலை. வாசிக்கவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் இருவரையும் உள்ளே அழைத்தார். பெண்ணுக்கு முன்பே திருமணம் ஆனது என்று ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். ஷாவ் என்ற பெயர், வருடம், விளக்கு வேலை, எல்லாம் இருக்கிறதாம். விவாகரத்தைத் திருச்சபை ஏற்காது, இனி திருச்சபை நீதிமன்றம் விசாரிக்க வேண்டுமாம். இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகலாமாம்.

அந்த விவரத்தை அந்த அம்மா இந்தத் தீவில் இரண்டு பேரிடம்தான் சொன்னார். ஒருவர் மாப்பிள்ளை. நான் ஒரே ஒரு ஆளுக்கு எழுதினேன். நீயா?

ஜோசபின்


பெர்த்,
30 மே 2025

அன்புத் தங்கை ஜோசபினுக்கு,

உன் கடிதத்தில் நலம் விசாரிப்புகூட இல்லை. முட்டிக்கு ஊசி போட்டேன்.

என் பெயரில் நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. இதை நற்கருணை முன் சொல்வேன். ஒரு விசுவாசி தன் மனச்சாட்சிப்படி கடமையைச் செய்திருந்தால் அதற்காக நாம் வருத்தப்படக் கூடாது. எழுதியதில் பொய் இருக்கிறதா? இருந்தால் காட்டு. தம்பி பொய் சொல்லிப் பீடத்துக்கு முன் நிற்காமல் ஆண்டவர் தடுத்தார். அவனே ஒருநாள் நன்றி சொல்வான்.

அவள் இப்போது என்ன சொல்கிறாள்? அழுதாளா? விவரமாக எழுது.

அக்கா ஜெனிவீவ்


தெம்பனிஸ்,
16 ஜூன் 2025

ஜெனிவீவ் அக்காவுக்கு,

விவரம் கேட்டிருக்கிறாய். கடைசி முறையாக எழுதுகிறேன்.

நீ எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அருவருப்பு. நாம் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்க உண்மையைத் தவிர எதையும் பரப்பியதில்லை.

அண்ணன் வந்தார். ஃபாதர் கொடுத்த நகலை என் சாப்பாட்டு மேசையில் வைத்தார். கீழே "ஒரு விசுவாசி" என்று இருந்தது. யார் என்று தெரியவில்லையே என்று நான் நடித்தேன். இந்த வயதில் எனக்கு நடிப்பு வரவில்லை.

"எழுத்தைப் பாத்தா தெரியாதா? எனக்கு அ, ஆ போடச் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான்" என்றார். பிறகு, "நீ சொல்லாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை, தள்ளியதாகவும் தெரியவில்லை. இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி பதிவுத் திருமணம் என்றார். "அப்படியானால் நற்கருணை..." என்று ஆரம்பித்தேன்.

"இருபது வருஷம் வரிசையில நின்னாச்சு. இனிமே எல்லாரும் எழுந்து போறப்போ நான் உக்காந்திருக்கேன் லா. கோவிலுக்கு வராம இருக்க மாட்டேன்" என்றார்.

நேற்று ஞாயிறு போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போனார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு முன்பே எழுவதை நிறுத்திவிட்டார்; கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழி விட்டார். டிஷ்யூ வாங்கி வைத்த பெண்மணிகள் அவர் முட்டியை உரசிக்கொண்டு பக்தியாகப் போனார்கள். நானும் போனேன், அக்கா. நாவை நீட்டி வாங்கினேன். பாவம் செய்தவள் வரிசையில் நிற்கிறாள், அவர் உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதம் செய்த திருப்பணி இது.

இனி நமக்கு அண்ணியான அந்த அம்மாவைப் பார்க்க புக்கிட் பாத்தோக் போனேன். அழுதாளா என்று கேட்டாய். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முடியும்வரை என்னை வாசலில் நிற்க வைத்தார். பிறகு வந்து, எழுதியது நீயா உன் அக்காவா என்று கேட்டார். இரண்டு பேரும்தான் என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலை அளக்க வந்த அதிகாரியைப் போல என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"எங்கள் குழுவிலும் உளவு எழுத அறைக்கு ஒருத்தி இருந்தாள். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும்" என்றார்.

அவ்வளவு தூரம் ஓடி, ஹாம்பர்க்கில் தொலைந்து, கடைசியில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பெண்ணுக்கு நாம் கொடுத்த வரவேற்பு இது. கட்சிக்காரர்களைவிட நாம் ஒருபடி மட்டம். அவர்களுக்கு மேலிடத்து உத்தரவாவது இருந்தது. நமக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது கல்யாணத்துக்கு வா என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வரலாம், பார்க்கலாம், வயிறாரச் சாப்பிடலாம். பார்த்ததை யாருக்கும் எழுதக் கூடாது, சொல்லக் கூடாது. ஒப்புக்கொண்டேன்.

அதனால் அண்ணி என்ன உடுத்தினார், அண்ணன் கண் கலங்கினாரா, பிரியாணியா சாம்பாரா, யார் யார் வந்தார்கள், யார் யாரோடு பேசவில்லை, எதுவும் உனக்குத் தெரியப் போவதில்லை. இனி எந்த விசேஷமும் தெரியப் போவதில்லை. அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு அதைவிடக் கஷ்டம்.

ஜோசபின்